கண்ணாயி காட்டிய நகம்

கண்ணாயி பொய் சொல்கிற பொம்பளை இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் மலை மேலே எங்கள் குண்டனி நாட்டு ஊர்களில் ஒரு நாலைந்து மாதம் அவளைப் பற்றிப் பேசாத வாயே கிடையாது. அப்படிப் பேசியவர்கள் எல்லாம் இன்றைக்கு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, மரங்களில் ஏற்றிவிட்ட நூறு மிளகுக் கொடி, கீழ்ப் பள்ளத்தில் ஒரு துண்டு நெல் வயல், இவ்வளவுதான் சொத்து. புருஷன் குணசேகரன். ஒரே மகள் வித்யாஸ்ரீ, எட்டாவது படிக்கிறாள். குணசேகரன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அது அதிசயம். ஆனால் மனுஷன் மண்வெட்டியை எடுத்தால் கீழே வைக்க மாட்டான். பதினாலு வருஷக் குடித்தனத்தில் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை. கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மிளகுக் கொடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வான், பசித்ததும் தானாக வந்துவிடுவான்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. நாள் பூரா வயல் சேற்றில் கை வைத்ததில் குணசேகரனுக்கு வலது கைக் கட்டைவிரலில் நகச்சுத்து வந்துவிட்டது. விரல் வீங்கி, நகத்தைச் சுற்றிச் சீழ் கோத்து, கையைத் தொங்கவிட முடியாமல் தவித்தான். மலையில் இதற்கு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கண்ணாயி மருதாணி இலையை அம்மியில் அரைத்து விரல் முழுக்க அப்பித் துணி சுற்றிக் கட்டினாள். மூன்று நாள் கட்டியதில் வீக்கம் வடிந்தது, நகம் மட்டும் கருஞ்சிவப்பாகப் பிடித்துக்கொண்டது. அந்த மழைக் காலத்தில் மலை பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்திருக்கும் ஆம்பளைக் கைகளைப் பார்த்தால், நாலு பேரில் ஒருத்தருக்கு ஏதாவது ஒரு விரல் இப்படிச் சிவந்திருக்கும். கண்ணாயிக்கு இது தெரியாததில்லை. தெரிந்திருந்தும் அவள் செய்த தப்பு பின்னால் வருகிறது.

ஒரு புதன்கிழமை காலையில் குணசேகரன் கிளம்பினான். கீழே ராசிபுரம் பக்கம் மரவள்ளிக்கு என்ன விலை போகிறதென்று ஆலைகளில் விசாரித்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொன்னான். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. முள்ளுக்குறிச்சி போகிற பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைப் பார்த்தவர்கள்தான் இல்லை. சாயங்காலம் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது.

நாலாம் நாள் குணசேகரனின் அண்ணன் சாமியப்பனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். பிறகு தேடினாள். சொந்தக்காரர் வீடு, ஆஸ்பத்திரி, சந்தை, கீழ்நாட்டுக் கோயில் அன்னதானக் கூடம், ஒன்று விடவில்லை. கையில் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு அவள் கேட்காத டீக்கடை கிடையாது. ராத்திரி வீட்டுக்கு வந்தால் வித்யாஸ்ரீ வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், அம்மாவுக்குப் பின்னால் இன்னொரு ஆள் வருகிறாரா என்று.

இருபத்து மூன்றாம் நாள் முள்ளுக்குறிச்சி ரோட்டில் ஒரு வளைவுக்குக் கீழே, பாறை இடுக்கில் ஓர் ஆணின் உடம்பு கிடப்பதாக விறகுக்குப் போனவர்கள் சொன்னார்கள். மேலே இருந்து விழுந்த உடம்பு. மழையில் ஊறி, உடும்பும் நரியும் தின்றது போக மீதி. முகம் இல்லை. இடுப்பில் நீலக் கட்டம் போட்ட லுங்கித் துண்டு இருந்தது. அந்த லுங்கி இல்லாத வீடு மலையிலும் கிடையாது, கீழேயும் கிடையாது.

பிணவறைக்குள் போன சாமியப்பன் போன வேகத்தில் வெளியே வந்து சுவர் ஓரமாக வாந்தி எடுத்தான். கண்ணாயிதான் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள். முகம் இருந்த இடத்தை அவள் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். வலது கைக் கட்டைவிரல் நகம் கருஞ்சிவப்பாக இருந்தது.

“இவருதாங்க,” என்றாள்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னாள் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். கேட்பதற்கென்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது? இருபத்து மூன்று நாள் புருஷன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல் சோறு இறங்காமல் கிடந்த ஒருத்தியிடம், தானே அரைத்துத் தானே கட்டிய மருதாணியைக் காட்டினால் அவள் வேறென்ன சொல்லுவாள்? அவளுக்கு அழுவதற்கு ஓர் உடம்பு வேண்டியிருந்தது. கிடைத்ததும் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் நல்ல மனுஷன். பொண்டாட்டி அடையாளம் சொன்னாலும், உடம்பு இந்த நிலையில் இருக்கும்போது சோதனை இல்லாமல் எதையும் எழுத முடியாது என்றார். சதை அழுகிவிட்டது, ரத்தமும் இல்லை. ஆனால் நகம் அவ்வளவு சீக்கிரம் கெடாதாம். அதற்குள் அந்த ஆளின் உடம்பு அணுக்கள் காய்ந்து கிடக்குமாம். மேலே ஒட்டிய அழுக்கு, சாயம் எல்லாவற்றையும் கழுவிவிட்டு உள்ளே இருக்கும் மரபணுவை எடுத்து, பெற்ற பிள்ளையின் ரத்தத்தோடு ஒப்பிட்டால் ஆள் யாரென்று அடித்துச் சொல்லிவிடலாமாம். அந்தக் கட்டைவிரலை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கண்ணாயி கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் மற்ற விரல்களின் நகங்களை மட்டும் எடுத்துக் காகித உறையில் போட்டு அரக்கு வைத்தார்.

வித்யாஸ்ரீயின் கையில் ரத்தம் எடுத்தார்கள். கூடப் பிறந்த அண்ணனும் கொடுத்தால் இன்னும் நல்லது என்றார்கள். பிள்ளை இருக்கும்போது நான் எதற்கு என்று சாமியப்பன் டீ குடிக்கப் போய்விட்டான்.

உடம்பை மலைக்குக் கொண்டுவந்து, பங்காளிகளைப் புதைக்கிற இடத்திலேயே புதைத்தார்கள். சாமியப்பன்தான் முன்னால் நின்று தம்பிக்குச் செய்ய வேண்டிய அத்தனையும் செய்து மண் தள்ளினான். கண்ணாயியின் தாலியை இறக்கினார்கள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. அழுகை அடங்கிய பிறகு, அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும்படி, நிம்மதியாகத் தூங்கினாள். போனவன் எங்கே என்ற கேள்வி இனி இல்லை. மரவள்ளிக் காட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறான். போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை.

மாசி மாதம் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பூங்குழலி கீழ்நாட்டுப் பெண், சின்ன வயசு, அதிர்ந்து பேசாதவள். சாமியப்பனையும் கண்ணாயியையும் உட்காரவைத்து ஒரு காகிதத்தைப் பிரித்தாள். இரண்டு தடவை மனசுக்குள் படித்துக்கொண்டாள்.

“அந்த நகத்துக்கு உரிய ஆள் வித்யாஸ்ரீயோட அப்பா இல்லைன்னு வந்திருக்கும்மா,” என்றாள்.

கண்ணாயிக்கு அந்த வாக்கியத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. “அப்ப அது அவரில்லீங்களா? அவரு உசுரோட இருக்காருங்களா?”

உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல முடியாது என்றாள் பூங்குழலி. ஒன்று, புதைத்த உடம்பு குணசேகரனுடையது இல்லை. இல்லாவிட்டால்... அவள் நிறுத்திக்கொண்டு மேஜையைப் பார்த்தாள். அண்ணன் ரத்தம் கொடுத்தால் எது என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும் என்று முடித்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணாயி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பைத்தியக்காரி! மறுநாள் காலையில் குளித்து முழுகி நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள். புருஷன் செத்து நாலு மாதம் ஆகாதவள் பொட்டு வைத்துக்கொண்டு சிரித்தால் ஊர் என்ன நினைக்கும்? மத்தியானத்துக்குள் ஊர் நினைக்க வேண்டியதையெல்லாம் நினைத்து முடித்துவிட்டது. அதற்கு வேண்டிய பேச்சைச் சாமியப்பன் முதல் நாளே ஊருக்குள் விதைத்து வைத்திருந்தான்.

மூன்றாம் நாள் கோயில் முன்னால் ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டார். ஸ்டேஷனில் படித்ததைச் சாமியப்பன் எழுந்து நின்று ஒரு வார்த்தை மாறாமல் சொன்னான். பிறகு கண்ணாயி பக்கம் திரும்பினான்.

“நகத்தப் பாத்து இவருதான்னு சொன்னது நீயா, நானா? நீ வெச்ச மருதாணி உனக்குத் தெரியாதா? அப்ப ஒடம்பு எந் தம்பி ஒடம்புதான். புள்ளதான் வேற.”

கண்ணாயிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் காட்டிய அடையாளமே அவளைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. நகத்தைக் கண்டுபிடித்தவளும் அவள், அந்த நகத்துக்குப் பொருந்தாத பிள்ளையைப் பெற்றவளும் அவள். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஊருக்கு ஒரு விடைதான் வந்தது.

தப்பாகச் சொல்லிவிட்டேன், அந்த நகம் வேறு யாருடையதோ என்று கத்தினாள். இப்போது மாற்றிப் பேசுகிறாள் பார் என்றார்கள். வித்யாஸ்ரீயின் மூக்கும் தாடையும் குணசேகரனை உரித்து வைத்தது போல இருக்கும். கண் இருக்கிறவனுக்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் காகிதத்தில் முத்திரை குத்தி வந்துவிட்டதே, அதற்கு மேல் கண் எதற்கு?

“மாமா, நீங்க ஒரு சொட்டு ரத்தம் குடுங்க. உங்க தம்பியா இல்லையான்னு தெரிஞ்சுபோயிரும். உங்க காலுல உழுந்து கேக்குறேன்.”

சாமியப்பன் கொடுக்கவில்லை. அவனைச் சும்மா கெட்டவன் என்று தள்ளிவிடவும் முடியாது, அவனுக்கும் ஒரு பயம் இருந்தது. புதைத்தது தம்பி இல்லையென்றால் அவன் யாரோ ஓர் ஊர் பேர் தெரியாத ஆளைப் பங்காளிகள் மண்ணில் கிடத்தியிருக்கிறான். உயிரோடு இருக்கிற தம்பிக்கு இழவு காரியம் செய்திருக்கிறான். அந்தத் தீட்டு கழிகிற வரைக்கும் அவன் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். சித்திரையில் மகளுக்குக் கல்யாணம் குறித்திருந்தான். தம்பி பொண்டாட்டி கெட்டுப்போனவள் என்றால் கல்யாணம் நடக்கும். புதைத்த உடம்பு தம்பி இல்லையென்றால் நின்றுவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தான், தம்பி மகளைத் தூக்கிப் பலி கொடுத்துவிட்டான். பூங்குழலி இரண்டு தடவை நேரில் வந்து பேசிப் பார்த்தாள். சம்மதம் இல்லாமல் ரத்தம் எடுக்க முடியாது என்று திரும்பிப் போனாள்.

ஊர்க்கவுண்டர் ஒரு வழி சொன்னார். தப்பு நடந்துவிட்டதென்று கண்ணாயி சபையில் விழுந்து கும்பிட்டால் போதும், மன்னித்து விட்டுவிடுவோம், காட்டையும் வீட்டையும் யாரும் கேட்க மாட்டோம் என்றார். பெரிய மனசு!

பொய் சொல்லக்கூடாது, அந்த வழியில் போய்விடலாமா என்று அவளும் நினைத்தாள். விழுந்து கும்பிட்டுவிட்டால் குணசேகரன் செத்தவன்தான், அவனுக்கு ஒரு குழி உண்டு, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்ளலாம். தான் உத்தமி என்று சண்டை போட்டு ஜெயித்தால் அந்தக் குழி அவளுடையது இல்லை. புருஷன் மறுபடியும் காணாமல் போய்விடுவான். மானமா, குழியா என்று ஒரு வாரம் உள்ளுக்குள்ளே அடித்துக்கொண்டு கிடந்தாள். அடுப்பு பற்றவைக்க மறந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்தாள். எங்கேயாவது விழுந்து செத்துப்போனால் தேவலை என்று தோன்றியது. செத்தால் பிள்ளை அந்தப் பேரோடே வளரும் என்று நினைத்ததும் அந்த யோசனையையும் விட்டாள்.

வித்யாஸ்ரீ பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டால் தலைவலி என்றாள். ஒரு நாள் மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது நிமிராமலே கேட்டாள்.

“ம்மா, நான் அப்பா புள்ளதான?”

கண்ணாயி களைக்கொத்தைக் கீழே வைத்தாள். “அவரு புள்ளதான் சாமி.”

“பெரியப்பா ஊட்டுல சோறு போட மாட்டேங்குறாங்க. அதான் கேட்டேன்.”

அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். சபையில் விழுவதில்லை. அந்த நகம் குணசேகரனுடையது இல்லையென்றால் எவனுடையதோ, அவனைக் கண்டுபிடித்தே தீர வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? போலீஸ் பட்டியலில் அந்தத் தேதியை ஒட்டிக் காணாமல் போன ஆண் வேறு யாரும் இல்லை. ஆனால் கண்ணாயிக்கு ஒன்று தெரியும். நகச்சுத்து சும்மா வராது, கை ஈரத்திலேயே ஊறினால்தான் வரும். மலையில் அந்த மழைக்குக் கை ஊறியவர்களை ஊர் ஊராக, பெரக்கரை நாடு வரைக்கும் நடந்து விசாரித்தாள். எல்லோரும் பத்திரமாக வீட்டில் இருந்தார்கள். அப்படியானால் கீழ்நாட்டு ஆள். கீழே வருஷம் பூரா ஈரத்தில் நிற்பவர்கள் யார்? மலையிலிருந்து இறங்கும் மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி ஆக்குகிற ஆலைக்காரர்கள். மாவுத் தொட்டியில் இறங்கி நின்று அள்ளுகிறவர்களுக்குக் கை காய்வதே கிடையாது.

பங்குனி வெயிலில் ஆலை ஆலையாக ஏறி இறங்கினாள். ஐப்பசியிலிருந்து வேலைக்கு வராத ஆள் யாராவது உண்டா, வலது கட்டைவிரலில் மருதாணி வைத்திருந்த ஆள் என்று கேட்டாள். மருதாணி வைத்த மாப்பிள்ளை தேடுகிறாயா என்று ஒரு வாட்ச்மேன் இளித்தான். இன்னொருவன் உள்ளேயே விடவில்லை. மூன்றாம் நாள் ஓர் ஆலையில் கிழங்குத் தோல் சீவுகிற பொம்பளைகள் சொன்னார்கள். ரமேஷ்குமார் என்று ஒருத்தன் மாவுத் தொட்டியில் நின்றுகொண்டிருந்தான், ஐப்பசியிலிருந்து வரவில்லை. பொண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு, போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் ஏறி வடக்கே போய்விட்டதாகப் பேச்சு. வீடு முள்ளுக்குறிச்சியில்.

முள்ளுக்குறிச்சியில் அந்த வீட்டு வாசலில் ஒரு பெண் மூன்று வயது மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள்தான் கோகிலவாணி. கழுத்தில் தாலி, நெற்றியில் குங்குமம். அந்தக் குங்குமத்தைப் பார்த்ததும் கண்ணாயிக்குக் கால் நின்றுவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, சொல்லாமலே திரும்பிவிடலாமா என்றிருந்தது.

மலையிலிருந்து வருகிறேன் என்றதுமே கோகிலவாணி சீப்பைக் கீழே வைத்தாள். மலையா, அவர் அனுப்பினாரா என்று கேட்டாள். கண்ணாயி தடுமாறி, உன் வீட்டுக்காரருக்கு வலது கட்டைவிரலில் நகச்சுத்து வந்ததா என்று கேட்டுவிட்டாள்.

வேறு வினையே வேண்டாம். ஓடிப்போன புருஷனின் விரல் வரைக்கும் தெரிந்த ஒரு பொம்பளை வாசலில் வந்து நின்றால் எவளுக்குத்தான் பற்றி எரியாது? “நீதானா அது?” என்று கோகிலவாணி எழுந்து வந்து அவள் முடியைப் பிடித்துவிட்டாள். மருதாணி வைத்து ஆற்றி அனுப்பியது நான், கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டது நீயா என்று அறைந்தாள். அக்கம்பக்கம் கூடியது. கண்ணாயி கையை ஓங்கவில்லை, தடுக்கக்கூட இல்லை.

“நான் பொதைச்சேன் கண்ணு,” என்றாள். “எம் புருஷன்னு நெனச்சு, உம் புருஷன நாந்தான் பொதைச்சேன்.”

முடியைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. கோகிலவாணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். பிறகு சண்டை போட்ட அன்றைக்கு அவன் சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னாள். மலைக்குப் போய் அருவியில் குளித்தால்தான் என் மண்டை குளிரும் என்று சொல்லிவிட்டுப் போனானாம். குடிப்பதற்குச் சொல்கிற சாக்கு என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். ரிக் வண்டியில் போய்விட்டான் என்று யாரோ சொன்னதும் அதையே பிடித்துக்கொண்டாளாம். பொங்கலுக்கு வருவான், மாசித் திருவிழாவுக்கு வருவான் என்று அவன் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாளாம்.

கண்ணாயி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழும்போதே உள்ளுக்குள் ஒரு மூலையில், அப்பாடா, அது அவரில்லை, என் பிள்ளைக்குப் பேர் தப்பியது என்ற சந்தோஷம் எட்டிப் பார்த்தது. தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. இன்னொருத்தி பொட்டை அழித்து என் பிள்ளை நெற்றியில் வைக்க வந்தேனே என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள். “நல்லபடியா பொதைச்சீங்களாக்கா?”

“எம் புருஷனுக்குச் செய்யற மாதிரித்தான் செஞ்சேன் கண்ணு.”

மறுநாள் கோகிலவாணியே தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். குழந்தையின் ரத்தத்தைப் பூங்குழலி லேபுக்கு அனுப்பினாள். மிச்சமிருந்த நகங்கள் அங்கேயே பத்திரமாக இருந்தன. இரண்டு மாதம் கழித்து வந்த காகிதத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தது. நகத்துக்கு உரியவன் இந்தக் குழந்தையின் அப்பன்.

வைகாசிக் கடைசியில் தாசில்தார் வந்து நிற்க, குழியைத் தோண்டினார்கள். ஊரே திரண்டு வந்து ஒதுங்கி நின்றது. எலும்புகளைக் கோகிலவாணி ஒரு வெள்ளை வேட்டியில் வாங்கிக்கொண்டாள். கண்ணாயி அவளோடு பஸ் வரைக்கும் நடந்தாள். ஊர்க்கவுண்டர் கனைத்துக்கொண்டு, நடந்தது நடந்துபோச்சு, நீ பழையபடி இரு என்றார். பழையபடியாம்! சாமியப்பன் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டிருந்தான். தீட்டுக் கழிக்க ஓர் ஆட்டை வெட்டினான். கண்ணாயி வீட்டுப் பக்கம் மட்டும் வரவில்லை. வித்யாஸ்ரீயை எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள், அவள் யார் வீட்டிலும் உட்காரவில்லை.

கண்ணாயி ஜெயித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, புருஷன் காணாமல் போன முதல் நாள் அழுதது போல மறுபடியும் முதலிலிருந்து அழுதாள்.

அடுத்த வாரம் ஸ்டேஷனில் பழைய புகாரைத் திரும்ப எடுத்தார்கள். பூங்குழலி பேனாவைத் திறந்து, அங்க அடையாளம் சொல்லுங்கம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்றாள். கண்ணாயி யோசித்தாள். மச்சமா, தழும்பா, என்ன சொன்னாலும் அது இன்னொருத்திக்குப் புருஷனாக இருக்கிறவனிடமும் இருக்கும் என்று பயமாக இருந்தது. பக்கத்தில் நின்ற மகளைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

“இவதாங்க அடையாளம். இவ ரத்தத்த எழுதி வெச்சுக்குங்க.”

அப்படியே செய்தார்கள். பெயர் தெரியாத ஆண் உடம்பு எங்கே கிடைத்தாலும், வயசும் உயரமும் ஒத்துவந்தால் நகத்தை எடுத்து வித்யாஸ்ரீயின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இதுவரைக்கும் மூன்று தடவை பூங்குழலி போன் செய்திருக்கிறாள். ஒன்று ரயில் பாதையில் கிடைத்தது, ஒன்று வாய்க்காலில், ஒன்று பாதி கட்டிய ஒரு கட்டிடத்துக்குள். ஒவ்வொரு தடவையும் முடிவு வருகிறவரைக்கும் தாயும் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. சமைத்தது அப்படியே இருக்கும்.

எந்த வார்த்தை ஊர் முன்னால் கண்ணாயியைத் தரையில் உட்கார வைத்ததோ, அதே வார்த்தை வர வேண்டும் என்று இப்போது தெய்வத்தை எல்லாம் கும்பிடுகிறாள். மூன்று தடவையும் பூங்குழலி அதையேதான் சொன்னாள், பொருந்தவில்லை, வித்யாஸ்ரீயின் அப்பா இல்லை என்று. கண்ணாயி சரிங்கம்மா என்று போனை வைத்துவிட்டு, மகளுக்குச் சோறு போட்டாள்.